எந்த பெத்யூன்?

ஜெஸ்டினா டான்டிக்கும் ரேடியோவுக்கும் நடந்த சண்டையில் இருபது வருஷம் நடுவில் மாட்டிக்கொண்டு முழித்தவன் நான். ரேடியோ என்னுடையது, பாட்டரி என்னுடையது, கடையும் என்னுடையது. சத்தம் மட்டும் அவளுடையது.

எங்கள் ஊர் ஹார்வி வேலில் முன்பக்கம் அரிசியும் சோப்பும் ஆணியும், பின்பக்கம் பெஞ்சு போட்ட ரம் கடையுமாக இருக்கிறதே, அதுதான் என் கடை. ஊரில் மூத்த பெண்கள் எல்லோருமே எங்களுக்கு டான்டிதான். ஆனால் வெறுமனே டான்டி என்று சொன்னால் அது ஜெஸ்டினாதான். கிரிக்கெட் நடக்கும் நாட்களில் காலையிலேயே வந்து ரேடியோவுக்கு நேர் எதிரே உட்கார்ந்துவிடுவாள். ஒரே ஒரு இஞ்சி பீர் வாங்குவாள். அதைச் சாயங்காலம் வரைக்கும் வைத்துக் குடிப்பாள். இடத்தை அடைத்துக்கொள்கிறீர்களே என்று ஒருமுறை வாய் தவறிக் கேட்டுவிட்டேன். தன் பேச்சைக் கேட்கத்தான் என் கடைக்கு ஆள் வருகிறதே தவிர என் ரம்முக்காக இல்லை என்றாள். பெஞ்சில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். அவள் சொன்னது உண்மை, அதனால் எனக்கு இன்னும் எரிச்சல்.

அவளுக்குக் கோபம் கிரிக்கெட்மேல் இல்லை. அதை எடுத்துச் சொல்கிறவர்கள்மேல். பந்து எல்லைக்கோட்டைப் பார்த்து ஓடிக்கொண்டிருக்கும்போது வர்ணனையாளர் முந்தின நாள் ஓட்டலில் சாப்பிட்ட பறக்கும் மீனைப் பற்றிப் பேசுவார். ஐந்து ஓவராக ஸ்கோரே வராது. விக்கெட் விழுந்ததும், இது நடக்கும் என்று அப்போதே சொன்னேனே என்பார். அவர் அப்போது சொன்னது இதற்கு நேர்மாறாக இருக்கும். அது டான்டிக்கு வார்த்தைக்கு வார்த்தை ஞாபகம் இருக்கும். பெரிய தீவுக்காரன் கேட்சை விட்டால் வெயில் கண்ணில் அடித்துவிட்டதாம். சின்னத் தீவுக்காரன் விட்டால் கை சரியில்லையாம். வெயில் எந்தத் தீவுக்காரன் என்று விசாரித்துவிட்டா அடிக்கிறது என்று ரேடியோவிடமே கேட்பாள். பதில் வராது. வராதென்று அவளுக்கும் தெரியும். ஆனாலும் ஒரு நிமிஷம் விட்டுப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த கேள்விக்குப் போவாள்.

எல்லாவற்றையும்விட அவளைக் கொதிக்க வைத்தது எங்கள் பெயர். எங்கள் தீவு கேரியகூ, மேற்கிந்தியத் தீவுகளில் ஒரு சின்னப் பொட்டு. கவர்ன்மெண்ட் காகிதத்தில் கிரெனடாவோடு சேர்த்தி, அவ்வளவுதான். இங்கே ஒருத்தனைப் பார்த்துக் கிரெனடாக்காரன் என்று சொன்னால் கையில் இருக்கிற டம்ளரைக் கீழே வைத்துவிட்டுத்தான் பதில் சொல்வான். ரேடியோவிலோ எங்களுக்குப் பெயரே கிடையாது. எனக்குத் தெரிந்து அந்தப் பெட்டியிலிருந்து கிரிக்கெட் பேச்சில் கேரியகூ என்ற சொல் ஒரு தடவைகூட வந்ததில்லை.

டான்டி செய்த வேலையைச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் மீதிக் கதை விளங்காது. அவள் அரசாங்கப் பட்டியின் பொறுப்பாளர். எங்கள் தீவில் மக்காச்சோளமும் துவரையும் அறுத்து முடித்ததும் ஆடுகளை அவிழ்த்து விட்டுவிடுவார்கள். மழைக்காலம் வரும் வரைக்கும் மலை, ரோடு, கல்லறை, கடற்கரை எல்லாம் ஆடுகளின் ராஜ்ஜியம். விதைப்பு ஆரம்பித்த பிறகும் கட்டாமல் விட்ட ஆடு யார் தோட்டத்திலாவது நுழைந்தால் பிடித்துக்கொண்டு வந்து பட்டியில் அடைப்பார்கள். அது யாருடைய ஆடு என்று சொல்ல வேண்டியது டான்டி. காதில் வெட்டிய அடையாளத்தைப் பார்த்து எவனும் சொல்வான். ஆனால் காது கிழிந்த ஆடும் உண்டு, அடையாளத்தை மாற்றி வெட்டுகிற புண்ணியவான்களும் உண்டு. டான்டி காதைப் பார்க்கமாட்டாள். நாலடி நடக்க விடச் சொல்வாள். நடையைப் பார்த்துவிட்டு இன்னாருடையது என்பாள். அதற்கப்புறம் அதில் பேச்சே கிடையாது. ஒருமுறை பாதிரியாரின் துவரையைத் தின்ற கிடாவை நடக்க விட்டுப் பார்த்துவிட்டு, இது என்னுடையது என்று தானே அபராதம் கட்டினாள். அந்தக் கிடாவை வேறு யாருமே அடையாளம் கண்டிருக்கவில்லை. பைத்தியமா இவளுக்கு என்று அன்றைக்கு நானும்தான் பேசினேன்.

இப்போது டிட்டிரி விஷயம். பையனின் பெயர் அல்பான் பெத்யூன். ஹார்வி வேலில் பாதி வீடு பெத்யூன் வீடு. அதனால் பெயரை வைத்து யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை, ஆளுக்கொரு வீட்டுப் பெயர். டிட்டிரி என்றால் நெத்திலியை விடச் சின்ன மீன். பிறந்தபோது அவ்வளவுதான் இருந்தானாம். வளர்ந்து ஆறடி ஆன பிறகும் டிட்டிரிதான். அவன் அம்மா ஏர்லீன், கப்பலில் போன புருஷன் திரும்பி வராததால் துணி தைத்தே அவனை ஆளாக்கியவள். டான்டிக்குச் சின்ன வயதிலிருந்து சிநேகிதி.

எண்பதுகளின் கடைசியில் ஒரு வருஷம் டிட்டிரியை, கிரெனடா, செயின்ட் வின்சென்ட் மாதிரிச் சின்னத் தீவுகள் சேர்ந்து ஆடும் விண்ட்வர்ட் தீவுகள் அணியில் எடுத்தார்கள். ஊரே தலைகால் புரியாமல் ஆடியது. நானும் அன்றைக்கு ஒரு பாட்டில் ஜாக் அயர்ன் ரம்மை இலவசமாக உடைத்தேன். இதுவரைக்கும் அது ஒன்றுதான். ஆனால் அதே அணியில் செயின்ட் வின்சென்ட்டிலிருந்தும் ஒரு பெத்யூன் வந்திருந்தான். ஆர்டன் பெத்யூன். இரண்டு பேருமே பெயர்ப்பட்டியலில் ஏ. பெத்யூன். இரண்டு பேருமே ஆறடி. இரண்டு பேருமே வலது கையால் பேட் பிடிப்பவர்கள். அப்போதெல்லாம் சட்டை முதுகில் எண் கிடையாது, எல்லாருக்கும் ஒரே வெள்ளைத் தொப்பி.

முதல் ஆட்டம் டொமினிக்காவில், ரோசோவில். வர்ணனை மோர்ட்டிமர் கிட்டன்ஸ். பார்படோஸ்காரர், குரலில் தேன் வழியும், சும்மா சொல்லக் கூடாது. இரண்டாம் நாள் சாப்பாட்டுக்குப் பிறகு அந்தக் குரல் எகிறியது. பெத்யூன் பாய்ந்து பந்தைப் பொறுக்கிவிட்டார், இடது கையால் எறிகிறார், நேராக ஸ்டம்பில், ரன் அவுட், செயின்ட் வின்சென்ட்டின் ஆர்டன் பெத்யூன் என்ன அற்புதம் செய்துவிட்டார் என்று இரண்டு நிமிஷம் பாராட்டினார்.

டான்டி எழுந்து நின்றாள். "இடது கைன்னு சொன்னானா?"

சொன்னார் என்றோம். டிட்டிரி பேட்தான் வலது கையில் பிடிப்பான். கல்லானாலும் பந்தானாலும் எறிவது இடது கையால். ஆனால் ஆர்டனும் இடது கையால் எறிகிறவனாக இருந்தால்? அங்கேதான் அவள் மற்றவர்களிலிருந்து வேறு. நாங்கள் எல்லாம் அந்த நிமிஷமே கிட்டன்ஸின் தாத்தா வரைக்கும் திட்டித் தீர்த்தோம். அவள் ஒன்றும் சொல்லாமல் வெயிலில் கரைக்கு இறங்கிப் போனாள். அன்றைக்கு பெக்வே தீவிலிருந்து ஒரு படகு வந்து நின்றிருந்தது. அந்தத் தீவு செயின்ட் வின்சென்ட்டோடு சேர்த்தி. அதன் மாலுமிகளிடம் ஆர்டன் எந்தக் கையால் எறிவான் என்று விசாரித்தாள். மூன்று பேரைத் தனித்தனியாகக் கேட்டாளாம். மூன்று பேரும் வலது கை என்றார்கள். அதற்கப்புறம் திரும்பி வந்துதான் திட்ட ஆரம்பித்தாள், அன்றைக்கு நான் கடையைச் சாத்துகிற வரைக்கும்.

இதில் கொடுமை என்னவென்றால், அந்தக் காலத்து ஸ்கோர் புத்தகத்தில் ரன் அவுட் என்று மட்டும்தான் எழுதுவார்கள், யார் எறிந்தது என்று எழுதமாட்டார்கள். கேட்ச் விட்டதை எழுதுவதே இல்லை. பேப்பர்காரன் மைதானத்துக்கே போகாமல் ரேடியோவைக் கேட்டுத்தான் எழுதுவான். ஆக, கிட்டன்ஸ் சொன்னதுதான் சாசனம். சீசன் முடிந்ததும் மேற்கிந்தியத் தீவுகளின் இளையோர் அணி இங்கிலாந்துக்குப் போகப் போகிறது. அதில் விண்ட்வர்டுக்கு ஒரே ஒரு இடம்தான் மிச்சம், அது இந்த இரண்டு பெத்யூனில் ஒருத்தனுக்கு என்று பேப்பரிலேயே வந்துவிட்டது. ரன் கணக்கில் இரண்டு பேரும் கிட்டத்தட்டச் சமம். மீதி எல்லாம் ஃபீல்டிங்தான். ரோசோவுக்கு அடுத்து செயின்ட் லூசியாவிலும் டிட்டிரி செய்ததெல்லாம் ரேடியோவில் ஆர்டன் கணக்கிலும், ஆர்டன் விட்டது டிட்டிரி கணக்கிலும் போய்க்கொண்டிருந்தது.

டான்டி ரேடியோ நிலையத்துக்குக் கடிதம் எழுதினாள். ஒன்றல்ல, மூன்று. எந்த நாள், எந்த வேளை, எந்தப் பக்கம் ஃபீல்டிங், எந்தக் கை என்று புட்டுப் புட்டு வைத்திருந்தாள். மூன்றையும் தபாலில் போட்டது நான்தான். பதில் இல்லை. ஹில்ஸ்பரோ டவுனில் தந்தி ஆபீசுக்குப் போய்க் காத்துக்கிடந்து டெலிபோன் போட்டாள். எடுத்த பெண், மிஸ்டர் கிட்டன்ஸ் இருபது வருஷமாக வர்ணனை சொல்கிறார் என்று சொல்லி வைத்துவிட்டாளாம். இருபது வருஷமாகத்தான் நானும் கேட்கிறேன், அதுதானே என் கஷ்டம் என்று வழியெல்லாம் புலம்பிக்கொண்டு வந்தாள்.

கடைசி ஆட்டம் பார்படோஸோடு, எங்களுக்குப் பக்கத்தில், கிரெனடாவின் செயின்ட் ஜார்ஜஸில். கடையை என் மனைவியிடம் விட்டுவிட்டு நான், டான்டி, ஏர்லீன் மூன்று பேரும் படகேறினோம். நாலு மணி நேரக் கடல். ஏர்லீன் வழியெல்லாம் வாந்தி எடுத்தாள். டான்டி அவள் நெற்றியைப் பிடித்துக்கொண்டே, எங்கே உட்கார வேண்டும் என்று எனக்குத் திட்டம் சொல்லிக்கொண்டு வந்தாள். வர்ணனையாளரின் மரக்கூண்டுக்கு நேர் கீழே உட்கார்ந்தோம். நான் சின்ன டிரான்சிஸ்டரைக் காதில் வைத்துக்கொண்டேன். மேலே கிட்டன்ஸ் பேசுவது ஜன்னல் வழியாக ஒரு காதிலும் ரேடியோ வழியாக இன்னொரு காதிலும் விழுந்தது.

முதல் நாள் பதினொரு மணிக்கே ஆரம்பித்துவிட்டது. கிட்டன்ஸ் ஆர்டன் என்றார். டான்டி எழுந்து, "அது அல்பான்" என்று கத்தினாள். பட்டிக்காட்டு மலையில் ஆட்டைக் கூப்பிட்டுப் பழகிய தொண்டை அது. சுற்றி இருந்த கிரெனடாக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கிட்டன்ஸ் ரேடியோவில், கீழே ஒரு அம்மையாருக்கு நல்ல நுரையீரல் இருக்கிறது என்றார். கூட்டம் சிரித்தது. எனக்கு அவமானமாக இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தேன். ஏர்லீனும் அவள் பாவாடையைப் பிடித்து இழுத்தாள். டான்டி உட்காரவில்லை.

மதியத்துக்குள் நாலு தடவை. ஐந்தாவது தடவை கிட்டன்ஸுக்கே சந்தேகம் வந்திருக்க வேண்டும். பைனாகுலரை எடுத்துக் கண்ணில் வைத்துக்கொண்டார். பந்தைத் தடுத்தவன் இடது கையால் எறிந்தான். கிட்டன்ஸ் பைனாகுலரை இறக்கி, ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி முதல்முறையாகக் கீழே பார்த்தார். டான்டி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். சரிதான், அல்பான் பெத்யூன், கிரெனடா என்று ரேடியோவில் திருத்திச் சொன்னார். "கேரியகூ" என்று இவள் கீழேயிருந்து கத்தியது அவர் காதில் விழவில்லை, அல்லது விழாத மாதிரி இருந்தார்.

அன்று சாயங்காலத்துக்குள் இரண்டு பேருக்கும் ஒரு ஏற்பாடு தானாக அமைந்துவிட்டது. பந்து ஒரு பெத்யூனிடம் போனால் கிட்டன்ஸ் ஜன்னலில் புருவத்தை உயர்த்துவார். டிட்டிரி என்றால் டான்டி இடது கையைத் தூக்குவாள். ஆர்டன் என்றால் வலது கை. இரண்டாம் நாள், மூன்றாம் நாள் எங்கள் அணி பந்து போட்ட நேரமெல்லாம் இதுதான். ஆர்டன் ஒரு கேட்சை மண்ணிலிருந்து வழித்தெடுத்தபோது வலது கையைத் தாமதமே இல்லாமல் தூக்கினாள். டிட்டிரி இரண்டு கேட்ச் பிடித்தான். இரண்டும் அவன் பெயரிலேயே ரேடியோவில் வந்தன. சிரித்த கிரெனடாக்காரர்கள் இப்போது எது எந்த பெத்யூன் என்று இவளைத்தான் கேட்டார்கள். ஒருத்தன் வேர்க்கடலை வாங்கிக் கொடுத்தான். நான் பழையபடி பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்துகொண்டேன்.

நாலாம் நாள். பார்படோஸின் கடைசி ஜோடி நிற்கிறது, ஜெயிக்க ஒன்பது ரன் வேண்டும். ஒரு விக்கெட் விழுந்தால் ஆட்டம் எங்களுடையது. மைதானத்தில் மூச்சுச் சத்தம் கேட்டது. அவர்களின் வேகப்பந்துக்காரன் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைத் தூக்கி அடித்தான். பந்து நேர் மேலே போனது. கீழே இரண்டு பக்கத்திலிருந்தும் இரண்டு பெத்யூன்களும் வானத்தைப் பார்த்துக்கொண்டு ஓடி வந்தார்கள். நீ, நான் என்று யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. ஒருத்தன் கையில் பந்து விழுந்தது, விழுந்து தெறித்தது, அடுத்த நொடி இரண்டு பேரும் மோதிப் புழுதியில் உருண்டார்கள். தொப்பிகள் ஒரு பக்கம், பந்து ஒரு பக்கம். எழுந்தபோது இரண்டு பேரும் தலை முதல் கால் வரை ஒரே மண் நிறம்.

காதில் கிட்டன்ஸின் குரல்: கேட்ச் போய்விட்டது, ஆட்டமே கையிலிருந்து போயிருக்கலாம், விட்டவர் பெத்யூன், ஆர்டன் பெத்யூன் என்று நினைக்கிறேன். நினைக்கிறேன் என்று சொல்லிவிட்டு ஜன்னலுக்கு வெளியே குனிந்தார்.

எங்கள் வரிசையில் கேரியகூக்காரர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்திருந்தோம். யாரும் வாயைத் திறக்கவில்லை. எனக்கு யார் என்று சரியாகத் தெரியவில்லை. ஆனால் பக்கத்தில் ஏர்லீனின் முகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. பெற்றவளுக்குத் தெரியாமல் போகுமா? அவள் டான்டியின் இடது மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். பிடித்து மடியில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். கெஞ்சவில்லை. வலது கை சும்மாதான் கிடந்தது. அதைத் தூக்கினால் போதும். நான் மனசுக்குள், தூக்குங்கள் டான்டி, உங்களுக்குப் புண்ணியமாகப் போகும், ஒரே ஒரு தடவை என்று வேண்டிக்கொண்டேன். அதில் எனக்கு இன்றைக்கும் வெட்கம் இல்லை. வேறு யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

மைதானத்தில் அந்த இரண்டு பேரில் ஒருத்தன் தன் இடத்துக்குத் திரும்பி நடந்தான். இடது தோளை முன்னால் தள்ளிக்கொண்டு நடக்கிற நடை. டான்டி அதை முழுக்கப் பார்த்தாள். இடது கையை விடுவிக்க அவள் முயற்சி பண்ணவில்லை, ஏர்லீனிடமே விட்டுவிட்டாள். முகத்தை மட்டும் மேலே தூக்கினாள்.

"எங்க பையன்தான்," என்றாள். இத்தனை நாள் கத்திய தொண்டையில் அந்த ஒரு வார்த்தை மெதுவாகத்தான் வந்தது.

கிட்டன்ஸ் நம்பவில்லை. "நல்லாப் பார்த்தீங்களாம்மா? உங்க ஊர்ப் பையனா?"

"எங்க ஊர்ப் பையன். அல்பான் பெத்யூன். கிரெனடா இல்ல. கேரியகூ."

அவர் அவளைப் பார்த்தார். ஏர்லீனையும் பார்த்தார், அந்தப் பிடியையும் பார்த்தார். பிறகு உள்ளே போனார். நான் டிரான்சிஸ்டரைக் காதோடு அழுத்தினேன். நேயர்களே, நான் தவறாகச் சொல்லிவிட்டேன், கேட்சை விட்டவர் அல்பான் பெத்யூன், கேரியகூ தீவைச் சேர்ந்தவர் என்றார். ஒவ்வொரு எழுத்தையும் சரியாகச் சொன்னார்.

என் கடையில் அப்போது நாற்பது பேர் இருந்தார்களாம். தீவின் பெயர் வந்ததும் கை தட்டினார்களாம். தட்டின கை பாதியிலேயே நின்றுவிட்டதாம். எதற்குத் தட்டுகிறோம் என்று அப்போதுதான் உறைத்திருக்கிறது. என் மனைவி இதைச் சொல்லும்போது சிரித்தாள், பிறகு அழுதாள்.

அடுத்த ஓவரில் பார்படோஸ் ஜெயித்துவிட்டது. கூட்டம் கலைகிறபோது கிட்டன்ஸ் கூண்டிலிருந்து இறங்கி வந்தார். நேரில் பார்த்தால் குள்ளமான மனிதர். டான்டியின் பெயரைக் கேட்டார். அவள் பெயரைச் சொல்லாமல், மூன்று கடிதம் போட்டேனே, படித்தீர்களா என்று கேட்டாள். தன் கைக்கு வரவே இல்லை என்றார், அது பொய்யாகப் படவில்லை. கடிதத்தில் என்ன இருந்தது என்று கேட்டார். அவள் அங்கேயே நின்றபடி ரோசோவிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொன்றாக ஒப்பித்தாள். அவர் ஒரு துண்டுக் காகிதத்தில் குறித்துக்கொண்டார். ஏர்லீன் அங்கே நிற்கவில்லை. யாருக்கும் சொல்லாமல் எங்கள் பையைக்கூட எடுக்காமல் வெளியே போய்விட்டாள்.

டிட்டிரியை இங்கிலாந்துக்கு அனுப்பவில்லை. அன்று மாலையே முடிவு செய்துவிட்டார்களாம். ஆர்டன்தான் போனான். இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் யாரும் என்னை நம்பி ஏமாற வேண்டாம். ஊரில் சில பேர் இன்றைக்கும் டான்டிமேல் அந்த வருத்தத்தோடுதான் இருக்கிறார்கள். வேறு வருஷம் எடுத்திருக்கலாம், எடுக்கவில்லை. பையன் இப்போது கட்டுமரம் மாதிரி ஒரு படகு வைத்துக்கொண்டு சுற்றுலாக்காரர்களை ஏற்றி இறக்குகிறான். டான்டியைப் பார்த்தால் இன்றைக்கும் தொப்பியை எடுத்துவிட்டுத்தான் பேசுவான். ஆர்டனும் அவனும் அப்போது ஒரே அறையில்தான் தங்கியிருந்தார்களாம்; அவள் மாற்றிச் சொல்லியிருந்தால் அன்று ராத்திரி அவன் முகத்தில் எப்படி முழித்திருப்பேன் என்று என்னிடம் ஒருமுறை சொன்னான். சரி, அது அவன் நல்ல மனசு. எனக்கு அன்றைக்கு வயிறு எரிந்தது எரிந்ததுதான்.

மறுநாள் காலைப் படகில் மூன்று பேரும் ஏறினோம். ஏர்லீன் முன்பக்கம் போய்க் கடலைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். டான்டி பின்பக்கம் வெங்காய மூட்டைமேல். நடுவில் நான், வழக்கம்போல. அன்று அலை இல்லாததால் வாந்தி எடுக்கக்கூட ஏர்லீனுக்குக் காரணம் இல்லை. சும்மா முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். டான்டி வாயே திறக்கவில்லை. இருபது வருஷத்தில் அவள் இரண்டு மணி நேரம் பேசாமல் இருந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். அந்த அமைதி தாங்காமல்தான் ரேடியோவைப் போட்டேன்.

காலை விளையாட்டுச் செய்தி. கிட்டன்ஸ்தான். ஆட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் பேசிவிட்டு, சீசன் முழுக்கத் தான் செய்த தவறுகளைச் சொல்லப் போவதாகச் சொன்னார். ரோசோவில் இரண்டாம் நாள், சாப்பாட்டுக்குப் பின், இடது கையால் எறிந்து ரன் அவுட் செய்தவர் அல்பான் பெத்யூன். தான் பாராட்டியது வேறு ஆளை. செயின்ட் லூசியாவில் நாலு ரன்னைத் தடுத்தது அல்பான். அங்கேயே கேட்சை விட்டவர் அல்பான் என்று தான் சொன்னது தவறு. இப்படி ஆறு. இது எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள், கேரியகூவிலிருந்து வந்த ஒரு பெண்மணி சொன்னார் என்றார். அவர் சொன்னதை ஏன் நம்புகிறேன் என்றால், நேற்று அவர் வலது கையைத் தூக்கியிருந்தால் எனக்குத் தெரிந்தே இருக்காது என்றார். அதற்குமேல் விளக்கவில்லை.

நான் திரும்பி டான்டியைப் பார்த்தேன். அவள் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தபோது ஏர்லீன் முன்பக்கத்திலிருந்து கயிற்றைப் பிடித்துக்கொண்டு எங்களைப் பார்த்து வந்துகொண்டிருந்தாள். நேராக டான்டியின் எதிரே வந்து நின்றாள். அடித்துவிடுவாளோ என்று நான் பாதி எழுந்தேன்.

"ரோசோவுல அந்த ரன் அவுட்," என்றாள் ஏர்லீன். "அது நெசமாவே என் பையன் பண்ணதா?"

"அன்னைக்கே சொன்னேனே."

"சொன்னே. நம்ம ஊர்ப் பையன்னு பாசத்துல சொல்றேன்னு நெனச்சுக்கிட்டேன். ஒரு வார்த்தைகூட நான் நம்பல, ஜெஸ்டினா."

டான்டி மூட்டையில் நகர்ந்து இடம் விட்டாள். ஏர்லீன் உட்கார்ந்தாள். அவன் எந்தப் பக்கத்திலிருந்து ஓடி வந்து எறிந்தான் என்று கேட்டாள். டான்டி தொண்டையைச் செருமிக்கொண்டு சொல்ல ஆரம்பித்தாள். நான் ரேடியோவை அணைத்துவிட்டேன்.